கடலுக்கு வழியில்லாத ஏரி

என் மகள் வேலை செய்யும் ஏரியை வரைபடத்தில் முதன்முதலாகப் பார்த்தபோதே எனக்குப் பயம் வந்துவிட்டது. கனடாவின் நடுப்பகுதியில், எந்தப் பக்கம் போனாலும் கடலே வராத ஒரு புல்வெளி. சாலைகள் எல்லாம் கட்டம் போட்ட நோட்டுத் தாள் மாதிரி நேர்க்கோடுகளாக ஓடின. அந்தக் கட்டங்களுக்கு நடுவில் யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போனதைப் போல ஒரு வெள்ளைத் திட்டு. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சுற்றிலும் ஒரு வீடுகூடத் தெரியவில்லை.

“இதாம்மா ஏரி,” என்றாள்.

“பக்கத்துல ஊரு எங்க?”

“ஊரா? கார்ல போவணும்மா.”

நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். கணவருக்குப் பெயின்ட் கடை. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். தினமும் காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புகிறேன். ஒரே பெண். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போனாள். அவள் போகப்போகும் இடத்தைக் கேட்டதும் என் தம்பி என் கணவரைச் சீண்டினான்.

“இன்னா மாமா, கடல் படிச்ச பொண்ண கடலே இல்லாத ஊருக்கு அனுப்பிட்டீங்க?”

“எல்லாம் உப்புத் தண்ணிதானடா,” என்று அவர் சமாளித்தார். அவருக்கும் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்குப் புரியாமல் போனது அந்தத் தண்ணீர்தான். எங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் கடலுக்குப் போகிற ஒன்று. எங்கெங்கோ பெய்கிற மழையெல்லாம் கெடிலத்திலும் பெண்ணையாற்றிலும் வெள்ளாற்றிலும் இறங்கி எங்கள் தெருவைத் தாண்டித்தான் கடலில் விழும். மழைக்காலத்தில் குமராட்சிப் பக்கம் கொள்ளிடத்துத் தண்ணீர் வயலில் ஏறி நின்றாலும், எப்படியும் வடிந்துவிடும் என்றுதான் பேசிக்கொள்வார்கள். வடியவே வழியில்லாத தண்ணீரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அவள்தான் சொன்னாள். வெகுகாலத்துக்கு முன்னால் அந்த நாட்டின் மேல் மலை உயரத்துக்குப் பனி படுத்திருந்ததாம். அது உருகிப் பின்வாங்கியபோது தரையில் பள்ளங்களை விட்டுப் போனது. அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் வரும், வெளியே போக வாய்க்கால் கிடையாது. வசந்தத்தில் பனி உருகி வரும், மண்ணுக்கடியில் ஊறியும் வரும். வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். கோடைக்காற்று தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். உப்பு தங்கிவிடும். வருஷம் வருஷமாக இதுவே நடந்தால் ஏரி என்ன ஆகும்?

“ரசம் வத்துற மாதிரி,” என்றேன்.

“அதேதாம்மா. ஆனா இது நாம சாப்புடற உப்பு இல்ல. பேதி உப்புன்னு சொல்வாங்களே, அந்த ஜாதி.”

என் கணவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். “அப்ப ஒரு மடக்குக் குடிச்சா?”

“குடிச்சா கரைக்கு வந்து சேர மாட்டீங்க, அப்பா.”

இப்படித்தான் அந்த ஏரி எங்கள் வீட்டுக்குள் வந்தது. அவளுக்கு மாலை, எங்களுக்குக் காலை. ஏரியில் வேலை முடிந்து வண்டிக்கு நடக்கும் நேரமும் நான் முதுநகரில் பஸ் ஏறும் நேரமும் ஒன்றாக அமைந்தது. தினமும் அந்த நடையில் என்னை வீடியோவில் கூப்பிடுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு காதில் வயரை மாட்டிக்கொண்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வழியில் வருவதை ஒரு கண்ணாலும் அவளுடைய ஏரியை இன்னொரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு போவேன். அங்கே கோடையில் சூரியன் மிகவும் நிதானமாகத்தான் இறங்கும். நான் சிதம்பரத்தில் வகுப்புக்குள் நுழையும் நேரத்தில்தான் அங்கே இருட்டும்.

ஏப்ரலில் ஏரி முழுக்கப் பனிக்கட்டி. மே மாதத்தில் கரையோரம் நீலம் தெரிந்தது. பிறகு பறவைகள். வடதுருவத்துக்குப் போகும் வழியில் இறங்கித் தின்றுவிட்டுப் போகிறவை. ஒரு சின்னப் பறவை தண்ணீரில் நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுற்றியது. அது சுற்றும்போது அடியிலிருக்கும் இரை மேலே வருமாம். இரை என்பது நகத்தளவு இறால். மீன் எதுவும் பிழைக்காத அந்த உப்பில் அது மட்டும் லட்சலட்சமாக வாழ்கிறது. நம் ஊர் இறால் பண்ணைகளில் குஞ்சுகளுக்குத் தீனியாகத் தகர டப்பாவில் முட்டை வாங்கி வருவார்களே, அந்த இறால்தான். பரங்கிப்பேட்டையில் டப்பாவில் பார்த்ததை இங்கே ஏரியில் உயிரோடு பார்க்கிறேன் என்று சிரித்தாள். அந்த இறாலையும் தண்ணீரின் உப்பையும் அளப்பதுதான் அவளுடைய வேலை. கரையோரம் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. குப்பை என்று நினைத்தேன். அவள் நடந்ததும் கோடு எழுந்து பறந்தது. எல்லாம் ஈக்கள். தள்ளி ஒரு செடிக் கூட்டத்தைக் காட்டி, “நம்ம கிள்ளையில இருக்கிற உமரி மாதிரியே இருக்கு பாரும்மா,” என்றாள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. தெரிந்த செடி ஒன்றாவது பக்கத்தில் இருக்கிறது.

ஆனாலும் பயம் என்னை விடவில்லை. அந்த வெட்டவெளியில் பாம்பு உண்டா, நரி உண்டா, யாராவது வண்டியை நிறுத்தினால் என்ன செய்வாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவளோடு எப்போதும் அந்த நாட்டுப் பெண் ஒருத்தி இருப்பாள். அவளும் அதே ஆராய்ச்சியில் இருக்கிறவள், வண்டியை ஓட்டுகிறவள். தனியாக யாரும் ஏரிக்குள் இறங்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. அதைக் கேட்ட பிறகும் நான் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. இடி, மின்னல், குளிர், ஓநாய் எல்லாம் என் பட்டியலில் இருந்தன. தரை மட்டும் இல்லை.

அதற்குக் காரணம் நாங்கள் வளர்ந்த இடம். முதுநகரில் உப்பனாற்று ஓரத்தில் கோடை வந்தால் சேறு காய்ந்து உப்புப் பூத்து வெள்ளையாகிவிடும். வெள்ளையாக இருந்தால் இறுகிக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பையன்கள் அதன் மேல் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள், சைக்கிள் போகும். கறுப்பாக, ஈரமாக மின்னுகிற இடத்தில்தான் கால் வைக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கால்கள் தாமாகவே கறுப்பை விட்டு வெள்ளைக்குப் போகும்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. அன்று நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே அவள் கூப்பிட்டாள். என் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் பெண் இருந்தார். பரங்கிப்பேட்டையில் பெண்களுக்குத் தையல் கடை வைத்திருக்கிறவர். தாய் வீடு முதுநகரில் என்பதால் வாரத்தில் பாதி நாள் என்னோடு வருவார். பி.முட்லூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பார். கணவர் துபாயில். என் மகளை ஃபோனில் பார்த்துப் பார்த்து அவருக்கும் பழக்கம்.

“இன்னாம்மா, இன்னைக்குக் குருவி சுத்துதா?” என்று எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“இன்னைக்குக் காத்துதான் சுத்துது, ஆன்ட்டி,” என்றாள் என் மகள்.

உண்மைதான். அவளுடைய முடி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எப்போதும் கூட இருக்கும் பெண் எங்கே என்று கேட்டேன். ஏரியின் அந்தப் பக்கம் ஒரு கருவியை எடுத்து வர வண்டியில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள், நான் இப்படிக் குறுக்காக நடந்து போய் அங்கே சேர்ந்துகொள்வேன் என்றாள்.

“தனியாவா?”

“கண்ணுக்குத் தெரியற தூரம்மா. வண்டி தெரியுது பாரு.”

ஃபோனைத் திருப்பினாள். ஒரு மேட்டுக்குக் கீழே எறும்பளவு ஏதோ தெரிந்தது. அதற்குப் பின்னால் வானம் அடுப்புக்கரி நிறத்தில் எழுந்து நின்றது.

“அது இன்னா அவ்ளோ கறுப்பா?”

“மழை வரும்போல. அதுக்குள்ள போயிடுவேன். இந்தப் பக்கம் ஒரே சேறா கீழ எறங்குது, வெள்ளை மேலயே போயிடுறேன்.” படத்தில் முதலில் ஈரமான சாம்பல் நிறத் தரையும், அடுத்து வெயிலில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் தரையும் வந்தன. நானும் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். முதுநகர்க்காரர்களான எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. சார்ஜ் குறைவாக இருக்கிறது என்று வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசிக்கொண்டு நடந்தாள்.

அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். அடுத்து அவள் மூச்சு இழுத்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

“பாப்பா?”

“அம்மா, கால் உள்ள போயிடுச்சு.”

“எடு.”

“எடுக்க வரல. ஒண்ண இழுத்தா இன்னொண்ணு போவுது.”

“எவ்ளோ?”

“முட்டிக்கு மேல.” குரல் இன்னும் சாதாரணமாகத்தான் இருந்தது. “மேல உப்பு ஓடு மாதிரி இருந்துச்சும்மா. கீழ கூழு. நாறுது.”

பஸ் சிப்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட், டிக்கெட் என்று பின்னாலிருந்து வந்தார். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அசையாதே என்றேன். உடனே அசைந்து வெளியே வா என்றேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது எனக்கே கேட்டது.

“அந்தப் பொண்ணக் கூப்புடு.”

“கூப்புட்டேன். ரிங்கே போவல. மேட்டுக்குக் கீழ சிக்னல் கெடையாது. கத்துனேன், காத்து எதிர்ல அடிக்குது.”

“படுத்துக்க பாப்பா. பின்னால சாஞ்சு ஒக்காரு. ஒடம்ப அகலமா வச்சா மேல முங்காது.”

“ஒக்காந்துட்டேன்மா. இடுப்புக்கு மேல போவாதுன்னு நெனைக்கிறேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா தண்ணி வருது.”

“எங்கேந்து தண்ணி?”

“ஏரி ஆழமே இல்லம்மா. காத்து ஜாஸ்தியா அடிச்சா தண்ணிய ஒரு பக்கமாத் தள்ளிடும். இப்ப நான் இருக்கிற பக்கமாத் தள்ளுது.”

“எவ்ளோ தண்ணி?” என்று நான் கத்தியிருக்க வேண்டும். முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பினார்.

“காலங்காத்தால வூட்டுச் சண்டைய பஸ்ல போடறாங்க,” என்றார் பக்கத்து ஆளிடம்.

“யோவ், திரும்பி ஒக்காருய்யா. புள்ள ஆபத்துல கெடக்குது,” என்றார் தையல்கடைக்காரர். அந்த மனிதர் திரும்பிவிட்டார். கண்டக்டர் வந்து, “டிக்கெட் அப்பறம் வாங்கிக்கறேன் டீச்சர்,” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

என் மகள் மெதுவாகப் பேசினாள். உட்கார்ந்திருக்கும் இடத்தில் விரல் மொத்தத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. வானம் இடிக்கிறது. “அம்மா, இங்க சுத்தி எதுவுமே இல்ல. ஒரு மரம்கூட இல்ல. நான்தான் ஒசரமா இருக்கேன்.” இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் முதன்முறையாக உடைந்தது.

“அங்க அவசரத்துக்கு நம்பர் இருக்குமே,” என்றேன்.

“போலீஸ் வந்தா ரிப்போர்ட் ஆவும்மா. ஏன் பிரிஞ்சு போனீங்கன்னு கேப்பாங்க. அவளுக்குத் திட்டு விழும். என்ன இனிமே ஏரிக்கே விட மாட்டாங்க. வெளியூர்ப் பொண்ணு வேற. அவ எப்புடியும் தேடிக்கிட்டு வருவா. நீ லைன்லயே இரு.”

நானும் அதைத்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் போலீஸைக் கூப்பிட்டதில்லை. திருடு போனபோதுகூடப் பக்கத்து வீட்டு வக்கீலிடம்தான் முதலில் போனோம். பெண் பிள்ளை விஷயம் என்றால் சொல்லவே வேண்டாம். அவள் அந்தப் பெண் வந்துவிடுவாள் என்றதும், சரி, வந்துவிடுவாள் என்று நானும் சொன்னேன். லைனில் இருந்தால் போதும், என் குரல் காதில் இருக்கும்வரை அவளுக்கு எதுவும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்துக்கொண்டு நான் எத்தனை தூரம் போனேனோ, ஆலப்பாக்கம் வந்ததே எனக்குத் தெரியவில்லை.

தையல்கடைக்காரர் என் கையைப் பிடித்தார்.

“டீச்சர், அங்கல்லாம் அப்புடி இல்ல. எங்க வூட்டுக்காருக்கு நெஞ்சு வலி வந்தப்ப ரூம்ல இருந்த பையன் நம்பரப் போட்டான், வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. போலீஸுன்னு நாமதான் பயப்புடறோம். போடச் சொல்லுங்க.”

“சார்ஜ் எவ்ளோ இருக்கு பாப்பா?”

“செவப்பாயிடுச்சு.”

அப்போதுதான் எனக்கு அது புரிந்தது. இருக்கிற சார்ஜை நான் தின்றுகொண்டிருக்கிறேன். அவள் என்னோடு பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் வேறு யாரோடோ பேச வேண்டிய நொடி. அவளிடம் அந்த நம்பரைப் போடு என்று சொல்ல வேண்டுமென்றால் கட் பண்ணு என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. கட் பண்ணிய பிறகு அந்தக் குரல் திரும்பக் கேட்காமலே போனால், கடைசியாக அதை அணைத்தது நானாக இருப்பேன்.

“கட் பண்ணு,” என்றேன்.

“வேணாம்மா.”

“கட் பண்ணிட்டு அந்த நம்பரப் போடு. என்னைத் திரும்பக் கூப்புடாத. அவுங்க சொல்றத மட்டும் கேளு.”

“அம்மா, ப்ளீஸ். பயமா இருக்கு.”

“எனக்கும்தான் பயமா இருக்கு. கட் பண்ணுடீ.”

அவள் கட் பண்ணவில்லை. காற்றின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் செய்ய மாட்டாள் என்று தெரிந்தது. சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன்.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. இப்போதும் அந்த இடத்தைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ஃபோன் உடனே அடித்தது. அவள்தான் என்று நினைத்தேன். கணவர். தினமும் அந்த நேரத்தில் கடையைத் திறந்துகொண்டே பேசுவார், பின்னால் ஷட்டர் சத்தம் கேட்கும். நடந்ததைச் சொன்னேன். ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது.

“நீயா கட் பண்ண?”

“ஆமா.”

“உனக்கு என்ன பைத்தியமா? புள்ள தனியாக் கெடக்குறா, லைன கட் பண்ணிட்டு வந்து எங்கிட்ட சொல்ற. நான் கூப்புடறேன் அவள.”

“கூப்புடாதீங்க. அவ லைன் காலியா இருக்கணும். தயவுசெஞ்சு கூப்புடாதீங்க.”

“அவளுக்கு இன்னாவது ஆச்சுன்னா…” அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அவர் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயமும் இப்போது சேர்ந்துகொண்டது.

வெளியே நல்ல வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வெயில் ஏற ஏற அவளுக்கு இறங்குகிறது என்பதைத் தவிர என்னால் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. சாலையோரம் பிள்ளைகள் யூனிஃபார்மில் நின்றார்கள். ஒரு ஆள் சைக்கிள் கேரியரில் பலாப்பழம் கட்டிக்கொண்டு போனார். எல்லோருக்கும் அது காலை. விரல் மொத்தம் இருந்த தண்ணீர் இப்போது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். காற்று எத்தனை வேகத்தில் தள்ளும், அவள் உட்கார்ந்தால் மார்பு எவ்வளவு உயரம். கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் ஒரே இடத்தில் போய் நின்றது. அவள் எனக்கு அந்த ஏரியைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருந்தாள். பனி, உப்பு, இறால், ஈ, பறவை. அத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததெல்லாம் இப்போது எனக்கு எதிராக நின்றது. அந்தத் தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது.

சாலை வேலை நடந்த இடத்தில் அரை மணி நேரம் காத்துக் கிடந்துவிட்டு, பி.முட்லூரில் பஸ் நின்றது. தையல்கடைக்காரர் எழுந்திருக்கவில்லை.

“எறங்கலியா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“இல்ல, சிதம்பரம் போறேன்,” என்று டிக்கெட்டுக்குச் சில்லறை நீட்டினார். என் கையை விடவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் ஓதுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் ஏதாவது சாமி பெயரைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது ஃபோன் அடித்தது. ஏதோ நீளமான நம்பர், தெரியாத நம்பர். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசுவது அவளாக இருந்தால் அவள் நம்பர் வந்திருக்கும். அவளைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஏதோ இன்னொருவருக்கு இருக்கிறது.

“எடுங்க டீச்சர்.”

விரல் போகவில்லை. மணி நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. தையல்கடைக்காரர் என் மடியிலிருந்து ஃபோனை எடுத்து, பச்சையைத் தடவி, என் காதில் வைத்தார்.

“அம்மா.”

பல் அடித்துக்கொள்ளும் சத்தம் வார்த்தைக்கு நடுவில் கேட்டது. பேசினால் அது வேறு யாராகவாவது மாறிவிடும் என்று பயமாக இருந்தது.

“அம்மா, வெளில வந்துட்டேன். இது அவ ஃபோன். என்னுது செத்துடுச்சு. கேக்குதா?”

“கேக்குது.”

“ஷூ ஒண்ணு உள்ளயே போயிடுச்சும்மா.”

அதற்குப் பிறகு நான் அழுதேனா என்று நினைவில்லை. அழுதீர்கள், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது என்று தையல்கடைக்காரர் பின்னால் சொன்னார். எனக்கு நினைவில் இருப்பது, “ஷூ போனா மயிரா போச்சு,” என்று நான் சொன்னதுதான். என் வாழ்நாளில் என் மகள் முன்னால் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

நடந்ததை அவள் பிறகு கோர்வையாகச் சொன்னாள். நான் கட் பண்ணியதும் கொஞ்ச நேரம் என் மேல் கோபத்தில் அழுதாளாம். பிறகு நம்பரைப் போட்டிருக்கிறாள். ஒரு பெண் எடுத்தாள். போலீஸா, ஆம்புலன்ஸா, தீயணைப்பா என்று கேட்டதற்கு இவளுக்குப் பதில் தெரியவில்லை. ஏரி என்றாள், சேறு என்றாள். அந்தப் பெண் சத்தம் உயர்த்தாமல், பின்னால் சாய்ந்தே இரு, கையை அகலமாக வை, பையைக் கழற்றித் தோளுக்கு அடியில் போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஃபோன் சாகும் வரை லைனில் இருந்தாளாம். நான் பஸ்ஸில் அவள் தனியாகக் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் காதில் இன்னொரு பெண் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வந்தவர்கள் பக்கத்துச் சிற்றூரின் தீயணைப்பு ஆட்கள். இவளைத் தேடி வண்டியில் திரும்பி வந்த கூட்டாளிப் பெண்தான் அவர்களுக்கு இடம் காட்டினாளாம். அவர்களில் பாதிப் பேர் கோதுமை விவசாயிகள். பலகைகளைத் தரையில் போட்டு, அதன் மேல் வயிற்றால் தவழ்ந்து வந்து, குழாய் வழியாகக் காலுக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்து எடுத்தார்கள். அடியில் ஊற்று எழும்பும் இடங்களில்தான் உப்பு அப்படி வெள்ளையாக, பார்க்கக் கெட்டியாக ஓடு கட்டுமாம். அந்த ஊர்க்காரர்கள் வெள்ளையைக் கண்டால் விலகி நடப்பார்களாம். மாடு விழுந்து செத்திருக்கிறதாம். எங்கள் கண்ணுக்கு எது தரையோ அது அவர்கள் கண்ணுக்குக் குழி.

ரிப்போர்ட் ஆனது. பேராசிரியர் திட்டினார், இரண்டு பேரையும்தான். ஏரிக்குப் போகாதே என்று மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன்.

“வந்துடு பாப்பா. படிச்சது போதும்.”

“வர மாட்டேம்மா.”

“அப்ப ஏரிக்காவது போவாத.”

“பறவை கெளம்பறதுக்கு முன்னாடி எடுக்க வேண்டிய சாம்பிள் பாதிகூட எடுக்கல. போவணும்.” நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். பிறகு, “அம்மா, ஒண்ணு சொல்லவா? கோச்சுக்காத. இனிமே எங்கனா மாட்டுனேன்னா மொதல்ல உனக்குப் பண்ண மாட்டேன். அவுங்களுக்குத்தான் பண்ணுவேன். வெளில வந்த பெறவுதான் உனக்குச் சொல்லுவேன்.”

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பேசியதற்கு அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்க மாட்டார். இப்போது என் முகத்தைப் பார்த்தார்.

“சரி,” என்றேன்.

பிறகு அவள் மறுபடியும் ஏரிக்குப் போக ஆரம்பித்தாள். பெரும்பாலான நாட்களில் நான் முதுநகரில் ஏறும்போதே கூப்பிட்டுவிடுகிறாள். சில நாள் ஆலப்பாக்கம் வரை வராது. சில நாள் புதுச்சத்திரமும் தாண்டிவிடும். வேலை இழுத்திருக்கலாம், சார்ஜ் இல்லாமல் இருக்கலாம், வண்டிக்குள் சிக்னல் போயிருக்கலாம். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பெயரைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். தையல்கடைக்காரர் கேட்பார்: “நீங்கதான் ஒரு வாட்டி போட்டுப் பாருங்களேன் டீச்சர்.”

நான் போடுவதில்லை. அந்த நேரத்தில் அவள் வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருக்கலாம். அவளுடைய லைன் காலியாக இருக்கட்டும்.